அப்பாவோட புராஸ்டேட் ஸ்கேன்ல ‘சந்தேகம்’னு வந்திருக்கா? எஃப்டியை உடைக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



நம்ம வயசுக்காரங்க நிறைய பேருக்கு வர்ற ஒரு சூழ்நிலையைப் பத்தி இன்னைக்குப் பேசலாம். அப்பாவுக்கு 60, 65 வயசு. ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போக எழுந்திருக்கிறார்னு டாக்டர்கிட்ட காட்டுறீங்க. ரத்தத்துல பிஎஸ்ஏ டெஸ்ட் எடுக்கிறாங்க, கொஞ்சம் அதிகமா வருது. எம்ஆர்ஐ எடுக்கச் சொல்றாங்க. ரிப்போர்ட்டோட கடைசி வரியில ‘பை-ராட்ஸ் 4, சந்தேகத்துக்குரிய பகுதி’ன்னு இருக்கு.

அதுக்கப்புறம் பெரும்பாலான வீடுகள்ல ஒரே வாரத்துல மூணு விஷயம் நடக்கும். எஃப்டியை உடைப்பாங்க. யாரோ சொன்ன பெரிய ஆஸ்பத்திரிக்கு அட்வான்ஸ் கட்டுவாங்க. ஏஜென்ட்டுக்கு போன் போட்டு, ‘அப்பா பேருல உடனே ஒரு பாலிசி போட முடியுமா?’ன்னு கேட்பாங்க. மூணுமே பயத்துல எடுக்கிற முடிவு. மூணுலயும் பணம் போகும். மூணாவதுல பின்னாடி க்ளெய்மே போகலாம்.

இந்தக் கட்டுரையில நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். ஸ்கேன்ல சந்தேகம்னு வந்தா அது நோய் உறுதியானதா அர்த்தம் இல்ல, அடுத்த டெஸ்ட்டுக்கான காரணம் மட்டும்தான். பொதுவா புராஸ்டேட் விஷயத்துல யோசிச்சு முடிவெடுக்கச் சில வாரங்கள் டைம் இருக்கும். அந்தச் சில வாரத்துல எதை முதல்ல செய்றோம், எதை அப்புறம் செய்றோம்ங்கிற வரிசைதான் அப்பாவோட உடம்பையும் உங்க சேமிப்பையும் காப்பாத்தும்.

ஆனா இதுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கு. சிறுநீர் சுத்தமா வராம அடைச்சுக்கிட்டாலோ, காய்ச்சல் நடுக்கத்தோட வந்தாலோ, முதுகு வலியோட கால் பலவீனமானாலோ எந்த வரிசையும் பார்க்காதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.

ரிப்போர்ட் உண்மையில என்ன சொல்லுது?

பை-ராட்ஸ்ங்கிறது ரேடியாலஜிஸ்ட் போடுற மார்க். 1-லிருந்து 5 வரைக்கும் இருக்கும். 1, 2 வந்தா சிகிச்சை தேவைப்படுற கேன்சர் இருக்க வாய்ப்பு குறைவு. 3 வந்தா அப்படியும் இருக்கலாம், இப்படியும் இருக்கலாம். 4 வந்தா வாய்ப்பு அதிகம், 5 வந்தா மிக அதிகம்.

இங்க கவனிக்க வேண்டியது, இது ‘வாய்ப்பு’ மட்டும்தான். இந்த 4, 5-ஐ கேன்சரோட ஸ்டேஜ்னு நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. ஸ்டேஜ் வேற, இது வேற. பழைய தொற்று, வீக்கம் இதெல்லாம்கூட எம்ஆர்ஐல கேன்சர் மாதிரியே தெரியலாம். 5 வந்தும் பயாப்ஸில ‘கேன்சர் இல்ல’ன்னு வர்றவங்களும் இருக்காங்க. உறுதியாச் சொல்றது பயாப்ஸி மட்டும்தான், அதாவது ஊசி மூலமா சின்னச் சின்னத் துண்டுகளா திசுவை எடுத்து மைக்ரோஸ்கோப்ல பார்க்கிறது.

டாக்டர்கிட்ட கேட்க வேண்டிய 5 கேள்விகள்

போன்ல நோட் பண்ணி வச்சுக்கோங்க. ஒரு கன்சல்டேஷன் ஃபீஸ்ல எல்லாத்தையும் கேட்டுடலாம்.

1. பிஎஸ்ஏ ஏற வேற காரணம் இருக்கா? சிறுநீர்த் தொற்று, சமீபத்துல டியூப் போட்டது, சாதாரண புராஸ்டேட் வீக்கம் எல்லாமே பிஎஸ்ஏவை ஏத்தும். தொற்று சரியான பிறகு திரும்ப டெஸ்ட் எடுக்கணுமான்னு கேளுங்க.

2. அப்பா சாப்பிடுற மாத்திரை இதைப் பாதிக்குதா? புராஸ்டேட் வீக்கத்துக்குத் தர்ற ஃபினாஸ்டிரைடு, டூட்டாஸ்டிரைடு மாத்திரைகளைச் சில மாசம் தொடர்ந்து சாப்பிட்டா பிஎஸ்ஏ அளவு பாதியா இறங்கும். ரிப்போர்ட்ல 3-ன்னு இருந்தா உண்மையில அது 6-க்குச் சமமா இருக்கலாம். மாத்திரைச் சீட்டை எடுத்துட்டுப் போங்க.

3. பிஎஸ்ஏ அடர்த்தி எவ்வளவு? இது வெறும் வகுத்தல் கணக்குதான். பிஎஸ்ஏ அளவை புராஸ்டேட்டோட கொள்ளளவால வகுக்கணும். கொள்ளளவு எம்ஆர்ஐ ரிப்போர்ட்லயே இருக்கும். பிஎஸ்ஏ 7.2, கொள்ளளவு 60 மில்லின்னா 0.12 வரும். அதே 7.2, கொள்ளளவு 30 மில்லின்னா 0.24. பொதுவா 0.15-க்கு மேல போனா டாக்டர்கள் கூடுதல் கவனம் எடுப்பாங்க. பை-ராட்ஸ் 3 வந்தவங்களுக்கு பயாப்ஸி வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்ண இந்த எண் ரொம்ப உதவும்.

4. பயாப்ஸி எந்த வழியா எடுப்பீங்க? ஆசனவாய் வழியா எடுக்கிறது ஒரு முறை. ஆசனவாய்க்கும் விதைப்பைக்கும் நடுவுல இருக்கிற தோல் வழியா எடுக்கிறது இன்னொரு முறை. ரெண்டாவதுல தொற்று ஆபத்து குறைவு. எம்ஆர்ஐல தெரிஞ்ச இடத்தைக் குறிவச்சு எடுக்கிற வசதி அங்க இருக்கான்னும் கேளுங்க.

5. எந்த மாத்திரையை நிறுத்தணும்? ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாதிரி ரத்தத்தை இளக்குற மாத்திரை சாப்பிடுறவரா இருந்தா முன்னாடியே சொல்லணும். நீங்களா நிறுத்தக் கூடாது.

பயாப்ஸி முடிவு வர்றதுக்கு முன்னாடியே ‘பெட் ஸ்கேன் எடுத்துடலாம்’னு யாராவது சொன்னா, ‘இப்போ எதுக்கு?’ன்னு மரியாதையா கேளுங்க. அது பொதுவா கேன்சர் உறுதியாகி, பரவியிருக்க வாய்ப்பு அதிகம்னு தெரிஞ்ச பிறகு எடுக்கிற, செலவு அதிகமான ஸ்கேன். எல்லாருக்கும் தேவைப்படாது.

பயாப்ஸிக்கு தேதி வாங்குறதுக்கு முன்னாடி பாலிசியைத் திறங்க

ஆபீஸ் கவர்: உங்க கம்பெனி குரூப் பாலிசியில அப்பா அம்மா இருக்காங்களான்னு இன்னைக்கே பாருங்க. பெரும்பாலான குரூப் பாலிசிகள்ல ஏற்கெனவே இருக்கிற நோய்க்கும் முதல் நாள்லயிருந்தே கவர் உண்டு. அதனால இந்த நேரத்துல உங்ககிட்ட இருக்கிற பெரிய ஆயுதம் இதுதான். எச்ஆர்கிட்ட மெயில்ல மூணு கேள்வி கேளுங்க. பெற்றோருக்கு கோ-பே எத்தனை சதவீதம்? ரூம் வாடகைக்கு வரம்பு இருக்கா? பெற்றோருக்குத் தனி உச்சவரம்பு இருக்கா? இதுவரைக்கும் சேர்க்கலைன்னா, பொதுவா அடுத்த ரினிவல்லதான் சேர்க்க விடுவாங்க. அந்தத் தேதியைக் கேட்டு காலண்டர்ல போட்டுடுங்க.

வேலை மாறுற ஐடியா இருந்தா: கடைசி வேலை நாளோட இந்த கவர் பொதுவா முடிஞ்சிடும். கையில ஆஃபர் லெட்டர் இருந்தா, புதுக் கம்பெனியில பெற்றோருக்கு கவர் உண்டா, எந்தத் தேதியிலிருந்துன்னு எழுத்துல வாங்காம பேப்பர் போடாதீங்க. 20% ஹைக் கிடைச்சு, நடுவுல ஒரு மாசம் அப்பாவுக்கு கவர் இல்லாமப் போனா அந்த ஹைக் ஒரே பில்லுல கரைஞ்சிடும்.

அப்பா பேருல தனி பாலிசி இருந்தா: முதல் விஷயம், ரினிவல் தேதியைத் தவற விடாதீங்க. க்ளெய்ம் பண்ணீங்கங்கிறதுக்காக கம்பெனி ரினிவல் பண்ண மறுக்க முடியாது. ஆனா நீங்க விட்டுட்டா கதை முடிஞ்சது. இந்த நேரத்துல வேற கம்பெனிக்கு போர்ட் பண்றதும் சரியா வராது. புதுக் கம்பெனி உடல்நிலையைப் பார்த்து மறுக்கலாம்.

அடுத்து காத்திருப்புக் காலம். சாதாரண புராஸ்டேட் வீக்கத்துக்குப் பல பாலிசிகள்ல 24 மாசம் காத்திருப்பு உண்டு. கேன்சருக்கு அந்தப் பட்டியல்ல பொதுவா விலக்கு இருக்கும். அதனால டாக்டர் குறிப்புல வெறுமனே ‘புராஸ்டேட் வீக்கம்’னு மட்டும் எழுதாம, எம்ஆர்ஐ மார்க்கும் எதைச் சந்தேகப்படுறாங்கங்கிறதும் உள்ளபடியே இருக்கணும். பொய்யா எதையும் எழுத வைக்க வேண்டாம். இருக்கிறது முழுசா இருந்தாப் போதும்.

டெஸ்ட் மட்டும்னா பணம் வராது: வெறும் பரிசோதனைக்காக அட்மிட் ஆனா க்ளெய்ம் கிடையாதுங்கிறது எல்லா பாலிசியிலயும் இருக்கிற பொதுவான விலக்கு. பயாப்ஸி டே-கேர்ல எடுத்தா உங்க பாலிசி ஏத்துக்குமான்னு டிபிஏகிட்ட முன்னாடியே மெயில்ல கேட்டுடுங்க.

தேதிக் கணக்கு: அட்மிட் ஆகுறதுக்கு முந்தின 30 அல்லது 60 நாள் டெஸ்ட் செலவைப் பல பாலிசிகள் திருப்பித் தரும். உதாரணமா மார்ச் 10 எம்ஆர்ஐ, மார்ச் 28 பயாப்ஸி, மே 20 ஆபரேஷன்னு வச்சுக்குவோம். பயாப்ஸிக்கும் ஆபரேஷனுக்கும் 53 நாள் இடைவெளி. 60 நாள் வரம்புன்னா அந்த பில் உள்ளே வரும். எம்ஆர்ஐக்கு 71 நாள் ஆகிடுச்சு, அதனால வராது. ‘அப்போ ஆபரேஷனை முன்னாடி தள்ளிடலாமா?’ன்னு தோணும். வேண்டாம். பயாப்ஸி புண் ஆறுறதுக்குச் சில வாரம் விட்டுத்தான் டாக்டர்கள் ஆபரேஷன் பண்ணுவாங்க. எம்ஆர்ஐ பில்லுக்காக அப்பாவோட உடம்பை அவசரப்படுத்தக் கூடாது. ஆனா ஒரிஜினல் பில், ரிப்போர்ட் எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல வைங்க. ஸ்கேன் படங்களை பென்டிரைவ்ல கேட்டு வாங்கிக்கோங்க.

ரூம் வாடகையில மறைஞ்சிருக்கிற ஒரு லட்சம்

இது ஒரு கற்பனைக் கணக்கு. ஆனா லாஜிக் நிஜம். பாலிசி 3 லட்சம், ரூம் வாடகை வரம்பு 1%, அதாவது நாளுக்கு 3,000. கோ-பே 10%. நீங்க பாசத்துல 6,000 ரூபாய் ரூம் எடுக்கிறீங்க.

- ரூம், 4 நாள்: 24,000. கிடைக்கிறது 12,000.
- சர்ஜன், தியேட்டர், நர்ஸிங்: 1,60,000. ரூம் வரம்பு பாதிதானே, அதனால இதுவும் பாதி, 80,000.
- மருந்து, டெஸ்ட்: 66,000. இதுல அந்த வெட்டு கிடையாது, முழுசா 66,000.

மொத்த பில் 2,50,000. ஏத்துக்கிறது 1,58,000. கோ-பே 15,800 போக கம்பெனி தர்றது 1,42,200. உங்க கைக்காசு 1,07,800.

இதே 3,000 ரூபாய் ரூம் எடுத்திருந்தா, மத்த செலவு எல்லாம் அதேதான்னு வச்சாக்கூட பில் 2,38,000. கோ-பே 23,800 மட்டும்தான் உங்க கைக்காசு. நாளுக்கு 3,000 ரூபாய் வித்தியாசம் கடைசியில 84,000 ரூபாய் ஆகுது. அட்மிஷன் கவுன்ட்டர்ல நிக்கும்போது இந்தக் கணக்கு ஞாபகம் வரணும்.

ரோபோ ஆபரேஷன்னு டாக்டர் சொன்னா இன்னொண்ணையும் பாருங்க. ரோபோ சர்ஜரியை பாலிசியிலிருந்து மொத்தமா விலக்கக் கூடாதுன்னு ஐஆர்டிஏஐ விதி இருக்கு. ஆனா அதுக்குத் தனி உச்சவரம்பு வைக்கலாம். அந்த வரம்பு எவ்வளவுன்னு பாலிசி டாக்குமென்ட்ல தேடுங்க.

இப்போ புதுசா பாலிசி எடுக்கலாமா?

வயசு தடை இல்ல. 65 வயசுக்கு மேல பாலிசி தரவே வேண்டாம்ங்கிற பழைய நிலைமை 2024 ஏப்ரல்ல மாறிடுச்சு. ஆனா ஸ்கேன் ரிப்போர்ட்டை மறைக்கக் கூடாது. பாலிசி எடுக்கிறதுக்கு முந்தின 36 மாசத்துல டாக்டர் ஆலோசனையோ சிகிச்சையோ வாங்கின எந்தப் பிரச்சினையும் ‘ஏற்கெனவே இருக்கிற நோய்’ கணக்குலதான் வரும். ‘பயாப்ஸி இன்னும் எடுக்கலையே, கேன்சர்னு யாரும் சொல்லலையே’ங்கிற வாதம் நிக்காது. படிவத்துல டெஸ்ட் எடுத்தீங்களான்னே கேட்பாங்க.

ஏஜென்ட் ‘சொல்ல வேண்டாம் சார், பார்த்துக்கலாம்’னு சொன்னா போனை வச்சிடுங்க. ப்ரீமியம் வாங்கிட்டுப் போறது அவர், க்ளெய்ம் மறுத்த லெட்டரைப் படிக்கப் போறது நீங்க. உண்மையைச் சொல்லி விண்ணப்பிச்சா மறுக்கலாம், இல்ல 36 மாசம் வரைக்கும் காத்திருக்கச் சொல்லலாம். ரெண்டுமே இப்போ வரப்போற செலவுக்கு உதவாது. அதனால இந்தச் செலவைப் புது பாலிசியை நம்பித் திட்டமிடாதீங்க.

பயாப்ஸி முடிவு வந்த பிறகு

‘கேன்சர் இல்ல’ன்னு வந்தா சந்தோஷம். ஆனா ஃபைலை மூட வேண்டாம். ஊசி சரியான இடத்தைத் தவற விட்டிருக்கலாம். எப்போ திரும்ப பிஎஸ்ஏ எடுக்கணும்னு கேட்டுக் குறிச்சு வைங்க. வீடு திரும்பினதும் அப்பாவுக்குக் காய்ச்சலோ நடுக்கமோ வந்தா, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

‘கேன்சர்’னு வந்தா, கூடவே க்ளீசன் ஸ்கோர்னு ஒண்ணு இருக்கும். 3+3=6 வந்தா மெதுவா வளர்ற வகை. இதுக்குப் பல பேருக்கு உடனே ஆபரேஷனே தேவையில்லை. பிஎஸ்ஏ, எம்ஆர்ஐ, தேவைப்பட்டா மறுபடியும் பயாப்ஸின்னு தொடர்ந்து கண்காணிப்பாங்க. 8, 9, 10 வந்தா வேகமானது, சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. 7 நடுவுல. அதுலயும் 3+4-ஐ விட 4+3 கொஞ்சம் தீவிரம்.

இங்கதான் செகண்ட் ஒப்பீனியனுக்குச் செலவு பண்ணணும். இன்னொரு டாக்டரைப் பார்க்கிறது மட்டும் இல்ல, பயாப்ஸி ஸ்லைடையே இன்னொரு பேத்தாலஜிஸ்ட் பார்க்கணும். ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் லேப்ல கேட்டு வாங்கி, அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர் மாதிரி இடங்கள்ல காட்டலாம். சிகிச்சை மொத்தமும் அந்த ஸ்கோரை வச்சுத்தான் முடிவாகும். அதனால அந்த எண் சரியான்னு பார்க்கிற செலவு வீண் இல்ல.

பயத்தைக் குறைக்க ஒரு ஆராய்ச்சியைச் சொல்றேன். பிரிட்டன்ல புராஸ்டேட்டைத் தாண்டிப் பரவாத கேன்சர் இருந்த 1,643 ஆண்களை மூணு பிரிவாப் பிரிச்சாங்க. ஒரு பிரிவுக்கு ஆபரேஷன், ஒரு பிரிவுக்கு ரேடியேஷன், ஒரு பிரிவுக்குக் கண்காணிப்பு. சுமார் 15 வருஷம் தொடர்ந்து பார்த்து 2023-ல முடிவை வெளியிட்டாங்க. மூணு பிரிவுலயும் இந்த கேன்சரால இறந்தவங்க சுமார் 3% இல்ல அதைவிடக் குறைவு. ஆனா கண்காணிப்புப் பிரிவுல உடம்போட மத்த பகுதிக்குப் பரவினது சுமார் 9%, மத்த ரெண்டுலயும் சுமார் 5%. அதே நேரம் ஆபரேஷன்ல சிறுநீர் கசிவு, தாம்பத்திய உறவுல சிக்கல் மாதிரி பக்கவிளைவுகள் உண்டு. ஆக, ஆரம்ப நிலையில இது ‘எது சரி’ங்கிறதைவிட ‘அப்பாவுக்கு எது முக்கியம்’ங்கிற கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அப்பாதான். சம்பாதிக்கிறது நாமங்கிறதால முடிவும் நம்மளோடதுன்னு ஆகிடாது. பெரும்பாலான அப்பாக்கள் ‘எனக்கு எதுக்குடா இவ்வளவு செலவு’ன்னு சொல்லி விலகிடுவாங்க. பணக் கணக்கை நீங்க எடுத்துக்கோங்க. பக்கவிளைவைப் பத்தி டாக்டர்கிட்ட அவர் தனியா பேச இடம் கொடுங்க. பிள்ளைங்க முன்னாடி கேட்கக் கூச்சப்படுற விஷயங்கள் இதுல நிறைய இருக்கு.

பணத்தை எங்கிருந்து எடுக்கலாம்?

இந்த வரிசையில போங்க:

- முதல்ல எமர்ஜென்சி ஃபண்ட். இதுக்குத்தான் அது இருக்கு, குற்ற உணர்ச்சி வேண்டாம்.
- அடுத்து எஃப்டி, லிக்விட் ஃபண்ட். தேவையான அளவு மட்டும், ஒவ்வொரு கட்டமா. பயாப்ஸிக்கு முன்னாடியே மொத்தத்தையும் உடைக்காதீங்க.
- நோய்க்காக இபிஎஃப்ல முன்பணம் எடுக்க வழி இருக்கு. ஓய்வுக்காலப் பணம்ங்கிறதால இது அப்புறம்தான்.
- பர்சனல் லோனும் கிரெடிட் கார்டு இஎம்ஐயும் கடைசி.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பாருங்க. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை கவர்.

கண்காணிப்புதான்னு முடிவானா, செலவு பெரும்பாலும் அட்மிஷன் இல்லாத டெஸ்ட் செலவு. இன்சூரன்ஸ் அதுக்கு அதிகம் உதவாது. வருஷத்துக்கு எத்தனை பிஎஸ்ஏ, எத்தனை எம்ஆர்ஐன்னு டாக்டர்கிட்ட கேட்டு, மொத்தத்தை 12-ஆல வகுத்து, ஒரு ஆர்டி போட்டுடுங்க.

பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்கு ரெண்டு சலுகை உண்டு. பாலிசி இல்லாத 60 வயசு தாண்டின பெற்றோரோட மருத்துவச் செலவுக்கு, நாம 80டின்னு சொல்லிப் பழகின பிரிவுல 50,000 வரை கழிக்கலாம், ரொக்கமா கட்டியிருக்கக் கூடாது. உங்களைச் சார்ந்திருக்கிற மூத்த குடிமக்களுக்குக் கேன்சர் உறுதியானா, 80டிடிபின்னு சொல்லிப் பழகின பிரிவுல 1,00,000 வரை கழிக்கலாம். இன்சூரன்ஸ்ல வந்த தொகை இதுல குறையும், ஸ்பெஷலிஸ்ட் சான்றும் வேணும். புது வரி முறையில ரெண்டுமே கிடையாது.

கடைசியா உங்களுக்கு

அப்பாவுக்குக் கேன்சர் உறுதியானா, மகன்களுக்கு அந்த வாய்ப்பு மத்தவங்களைவிட சுமார் ரெண்டு மடங்கு. பயப்பட ஒண்ணும் இல்ல. 40, 45 வயசுல பிஎஸ்ஏ டெஸ்ட் பத்தி உங்க டாக்டர்கிட்ட பேச்சை ஆரம்பிங்க. ஆபீஸ் கவரை மட்டும் நம்பாம, உடம்பு நல்லா இருக்கும்போதே உங்க பேருல ஒரு பாலிசி எடுங்க. படிவத்துல குடும்ப வரலாறு கேட்டா உள்ளதை உள்ளபடி எழுதுங்க.

இந்த வாரம் செய்ய வேண்டியது மூணே மூணு. எச்ஆருக்கு அந்த மெயில், டாக்டருக்கு அந்த 5 கேள்வி, எல்லா ரிப்போர்ட்டுக்கும் ஒரு ஃபைல். எஃப்டி இப்போதைக்கு அது பாட்டுக்கு இருக்கட்டும்.

இது மருத்துவ ஆலோசனை இல்ல, உங்க டாக்டர் சொல்றதுதான் முடிவு. ரூம் வாடகைக் கணக்குல சந்தேகம் இருந்தா உங்க பாலிசியோட வரம்பை மட்டும் கமென்ட்ல போடுங்க, அப்பாவோட ரிப்போர்ட்டைப் போட வேண்டாம். சேர்ந்தே கணக்குப் போட்டுப் பார்த்துடலாம்.